சாமி காட்டில் உண்ணிச்செடி

என் கணவர் ஒரு வருஷம் எங்கள் குலசாமியோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார். அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. சாமிக்குக் கோபம் என்று யாரும் சொல்லவில்லை. குறி சொல்கிறவர்கூடச் சொல்லவில்லை. இவராகத்தான் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம். ஊருக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அதன் அடிவாரத்தில் சாமி இருக்கிறது. கூரை கிடையாது, ஒரு பீடமும் நாலு வேல் நட்ட மேடையும்தான். சுற்றிலும் காடு. காடு என்றதும் யானை, கரடி என்று நினைத்துவிட வேண்டாம். உசிலை, வெப்பாலை, குருந்தம், காரை, இடையில் இடுப்பளவுக்குக் கொழுக்கட்டைப்புல். இந்தப் பக்கம் நுழைகிறவர் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வெளியே வந்துவிடலாம். உள்ளே பீடி குடிக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

அது மட்டுமில்லை, அந்தக் காட்டுக்குள் இன்னும் பல கூடாதுகள் உண்டு. செருப்புப் போடக் கூடாது. நட்டு வைத்திருக்கும் வேல்களைத் தவிர இரும்பு கூடாது. அரிவாளோ மண்வெட்டியோ எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே இருப்பது எதுவும் வெளியே வரக் கூடாது. காய்ந்து விழுந்த சுள்ளியாக இருந்தாலும் அது சாமியுடையது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் முதல் தடவை கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது என் சேலை ஓரத்தில் புல் விதை ஒட்டியிருந்தது. என் நாத்தனார் என்னை எல்லைக்கல் பக்கத்தில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு விதையாகப் பிய்த்து உள்ளே போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு விட்டார். நான் சின்னாளப்பட்டிக்காரி. எங்களுடையது நெசவு ஊர், அங்கே சேலையில் சாயம்தான் ஒட்டும். இதென்னடா, புல்லுக்குக்கூடக் கணக்குக் கேட்கிற சாமியாக இருக்கிறதே என்று அன்றைக்குப் பயந்துபோனேன்.

பங்குனிப் பொங்கலன்று பொழுது சாயும் நேரத்தில் ஊருக்குள்ளிருந்து சாமியின் நகையும் துணியும் வைத்த சாமிப் பெட்டி வரும். பெட்டி எல்லைக்கல்லை நெருங்கும்போது வாணம் விட வேண்டும். அந்த உரிமை எங்கள் வீட்டுக்கு. என் மாமனார் விட்டார், அவருக்குப் பிறகு இவர் விட்டார். வருஷம் முழுக்க வெங்காயத்துக்கும் முருங்கைக்கும் நடுவில் குனிந்தே கிடக்கிற மனுஷன், அந்த ஒரு நாள் புது வேட்டி கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்பார். அந்த நிமிர்வுக்காகவே நான் அந்தத் திருவிழாவுக்குப் போவேன் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வருஷம் இரண்டு வாணம் கூட வாங்குவார்.

அந்த வருஷம் காற்றுத் திரும்பிவிட்டது. எப்போதும் கிழக்கே போய் வெறும் தரிசில் விழும் வாணம், மேலே போய் வளைந்து காட்டுக்குள் விழுந்தது. கோடை தொடங்கிய காலம், புல் எல்லாம் காய்ந்து கிடந்தது. நாங்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் தீ ஓட ஆரம்பித்துவிட்டது. தீயை அடிக்கப் பச்சைக் கிளை ஒடிக்க வேண்டும், காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது. ஆளாளுக்குத் துண்டையும் நனைத்த சாக்கையும் வைத்து அடித்தோம். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வந்து சேர்ந்தபோது, தீ கரட்டின் பாறை வரைக்கும் ஏறித் தானாகவே தின்ன ஒன்றுமில்லாமல் அடங்கியிருந்தது. பெரிய மரங்கள் கருகி நின்றன. புல் இருந்த இடமெல்லாம் சாம்பல்.

இவரை யாரும் குறை சொல்லவில்லை. பூசாரி இவருக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அவரே முதலில் வந்து, சாமி காரியத்தில் நடந்தது, சாமி பார்த்துக்கொள்ளும் என்று தோளில் கை வைத்துச் சொன்னார். குறை சொல்லியிருந்தால் இவர் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனம் ஆறியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் காலையில் குளித்துவிட்டு எண்ணெய்ப் பாட்டிலோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன். எல்லைக்கல் வரைக்கும் போனவர் நின்றுவிட்டார். பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"காடு பழையபடி ஆகட்டும். அப்பறம் உள்ள வாரேன்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை கூடியிருக்கிறது, இனி இனிப்பையே தொடமாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு, அந்த வாரமே டவுனுக்குப் போய் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தவர் இவர். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் போய்க்கொண்டே இருந்தது, இவர் கல்லுக்கு வெளியிலேயே நின்றார். நான் வெறுங்காலோடு சாம்பலில் நடந்து போய் விளக்குப் போட்டுவிட்டு வருவேன். அவர் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு, எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்துவிடுவார். சாப்பாடு குறைந்தது. வெஞ்சனத்தில் உப்பு இல்லை என்றுகூடச் சண்டை போடாமல் சாப்பிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. சண்டை போடாத என் கணவரை எனக்குப் பழக்கமில்லை.

சித்திரையில் நல்ல கோடை மழை பெய்தது. அதற்குப் பிறகு காடு பச்சையானது. பச்சை என்றால் சும்மா பச்சை இல்லை, ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரிப் பசேலென்று. பூசாரி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, சாமி எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டது, தம்பியைக் கூட்டிக்கொண்டு வா தாயி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து, இவரை இழுத்துக்கொண்டு போனேன். இவர் எல்லைக்கல்லில் நின்றபடியே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கை நீட்டி ஒரு இலையைப் பறித்துக் கசக்கி மோந்தார். பறித்த இலையை மறக்காமல் உள்ளேயே போட்டார்.

"இது நம்ம காடு இல்ல. அம்புட்டும் உண்ணிச்செடி."

உண்மைதான். உண்ணிச்செடியை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. கொத்துக் கொத்தாகப் பூக்கும், கறுப்பாகப் பழம் பழுக்கும், ஆடு வாய் வைக்காது. கரட்டின் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் காட்டின் ஓரத்தில் அது எப்போதோ குடிவந்திருந்தது. பெரிய மரங்களின் நிழலும் அடர்ந்த புல்லும் அதை ஓரத்திலேயே உட்கார வைத்திருந்தன. தீ அந்த நிழலையும் புல்லையும் எடுத்துவிட்டதும், இது அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்து உள்ளே நடந்து வந்துவிட்டது. இடைவெளி இருந்த இடங்களில் சீமைக்கருவேலம். கருகிப்போன குருந்த மரத்தின் அடியில் வந்திருந்த துளிர்களைக் உண்ணிக் கிளையை ஒதுக்கித்தான் பார்க்க முடிந்தது. வெயில் படாமல் வெளுத்துப்போய் இருந்தன. புல் இருந்த இடமே தெரியவில்லை.

இதே செடி வயலில் வந்திருந்தால் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அரிவாளை எடுத்து ஒரு வெட்டு, கடப்பாரையால் ஒரு நெம்பு, வேலை முடிந்தது. ஆனால் எல்லைக்கல்லுக்கு உள்ளே கால் வைத்ததும் அது சாமி செடியாகிவிட்டது. பூசாரி இதில் ரொம்பக் கறார். உள்ளே முளைத்தது எல்லாமே சாமி சொத்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்ல நாம் யார் என்று கேட்டார். இரும்பு கொண்டுபோவது பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பீடத்துக்கு முன்னால் திருப்பூர்க்கார உறவினர் ஒருவர் தன் பேரைப் பெரிதாக எழுதிப் போட்டுக் கொடுத்திருக்கிற கிரில் கேட்டைக் காட்டி, அது என்ன வெள்ளியா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கேட் என்பது சாமி விரும்பி ஏற்றுக்கொண்டது, கடப்பாரை அப்படியில்லை என்று சொல்லிவிட்டு இடுப்பில் சாவிக்கொத்துக் குலுங்க நடந்து போனார்.

அவர் நல்ல மனுஷன், அதையும் சொல்லிவிட வேண்டும். தம்பி உள்ளே வராதது அவருக்கும் உறுத்தியது. ஆவணியில் நாலு தூறல் விழுந்து மண் இளகியபோது அவரே ஊரைக் கூட்டினார். இரும்பு இல்லாமல், கையால் பிடுங்குவது சாமிக்குச் செய்கிற தொண்டு, அதில் தப்பில்லை என்று அறிவித்தார். வெறுங்காலோடு, வெறுங்கையோடு உண்ணிச்செடி பிடுங்கியிருக்கிறீர்களா? முள் சின்னதுதான், ஆனால் திரும்பித் திரும்பி எல்லாப் பக்கமும் இருக்கும். வாடை வேறு, இரண்டு நாள் சோப்புப் போட்டாலும் கையைவிட்டுப் போகாது. என் கடைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டே ஜெராக்ஸ் வாங்கிப்போனார்கள்.

சின்னச் செடிகள் கைக்கு வந்தன. பழைய அடிக்கட்டைகள் அசையவில்லை. அப்போதுதான் இவர் ஒரு வேலை செய்தார். கிணற்று வேலைக்கு வைத்திருந்த தேங்காய் நார் வடத்தை எடுத்து வந்து, ஒரு நுனியை உள்ளே வீசினார். அடிக்கட்டையில் கட்டச் சொன்னார். எல்லைக்கல்லுக்கு வெளியே நின்றுகொண்டு, தேர் இழுக்கிற மாதிரி இழுத்தார். உள்ளே நாங்கள் கட்டுவதும் வெளியே இவரும் இன்னும் சில பேரும் இழுப்பதுமாக வேலை நடந்தது. நடுக்காட்டில் ஒரு கட்டைக்கு வடம் எட்டவில்லை. ஒரு அடி உள்ளே வைத்தால் எட்டிவிடும். வைக்கவில்லை. வீட்டுக்குப் போய் மாட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு நீட்டினார். அந்த முடிச்சு அவிழ்ந்து, இழுத்த வேகத்தில் மல்லாக்க ஒரு ஆவாரம் புதருக்குள் போய் விழுந்தார். ஊரே சிரித்தது. எழுந்தவர் முதலில் பார்த்தது, தான் விழுந்த இடம் கல்லுக்கு வெளியேதானா என்பதைத்தான்.

பிடுங்கியாயிற்று. அதை என்ன செய்வது? வெளியே கொண்டுபோகக் கூடாது. அதனால் காட்டின் நடுவிலேயே, தீயில் வெறுமையாகிப்போன ஒரு இடத்தில், மலை மாதிரிக் குவித்தோம். கொத்துக் கொத்தாகப் பழத்தோடுதான் குவித்தோம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. விதையை மண்ணில் போட்டே பிழைக்கிற ஜனம் நாங்கள், அத்தனை பேருக்கும் தோன்றவில்லை. சாமி சொத்துச் சாமியிடமே இருக்கிறது என்ற திருப்தியில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டோம். நான் இவரிடம் போய், இப்போது வரலாமில்லையா என்று கேட்டேன். அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தவர், மழை பெய்யட்டும் என்றார். நல்ல நாளும் அதுவுமாக ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஐப்பசியில் அடைமழை. மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். குவியல் இருந்த இடம் பச்சைப் போர்வையாக இருந்தது. ஈரத்தில் வேர் பிடித்த கிளைகள் துளிர்த்திருந்தன. பழங்களைக் கொண்டைக்குருவிகள் தின்று காடு முழுக்க விதைத்துவிட்டிருந்தன. நாங்கள் கட்டைகளைப் பிடுங்கியபோது புரட்டிப்போட்ட மண்ணில் சின்னச் சின்னக் கன்றுகள் ஊசி குத்த இடமில்லாமல் நின்றன. என் நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். அவர் நெல்லு நட்டு வளர்ந்த பெண்.

"நெல்லு நாத்துகூட நமக்கு இம்புட்டு அடர்த்தியா வந்ததில்லையே."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு மட்டும் பயங்கரமாக வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தச் சிரிப்பும் போய், பிறகு அழுகையாக வந்தது.  நான் அப்போதே சொன்னேன் பார் என்று இவர் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் மழைக்கு முன்னால் துணி எடுக்கவில்லை என்பதற்கே அதைச் சொல்வார். இதற்குச் சொல்லவில்லை. அந்த நாள்களில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இனி சாமியைத்தான் கேட்க வேண்டும் என்று பூசாரி முடிவெடுத்தார். எங்களுக்கு அதற்கு ஒரு வழி உண்டு. வெள்ளைப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து, பீடத்தில் போட்டு, ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. எடுப்பது சுலபம். என்ன கேட்பது என்பதில்தான் தகராறு. உண்ணிச்செடி உன்னுடையதா என்று கேட்கலாம் என்றார் பூசாரி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆமாம் என்று வந்துவிட்டால் பிறகு ஒரு இலையைத் தொட முடியாது. அது எங்கிருந்தோ வந்த செடி, சாமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். என் நாத்தனார் விடுவாரா?

"வெளியில இருந்து வந்ததயெல்லாம் புடுங்குறதுன்னா, மொதல்ல உன்னயில்ல புடுங்கணும்."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கல்லுக்கு வெளியே நின்றிருந்தவரும் சிரித்தார், அதனால் நானும் மன்னித்துவிட்டேன். நான் வந்து இத்தனை வருஷத்தில் பக்கத்தில் இருக்கிறவர்களை வெயில் படாமல் வெளுக்கவிட்டேனா மதினி என்று கேட்டேன். அவர் தன்னுடைய கறுத்த கையை நீட்டிக் காட்டி, வெயிலுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். அவருக்குப் பயிர் வேலை, எனக்கு நிழலில் ஜெராக்ஸ் வேலை என்பதை அப்படிக் குத்திக்காட்டிவிட்டார்.

கடைசியில், பிடுங்கிய செடியை வெளியே கொண்டுபோகலாமா என்று மட்டும் கேட்டோம். சிவப்பு வந்தது. கூடாது. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் சாமியைப் பார்த்தார். நான் அன்றைக்குச் சாமியைத் திட்டியே விட்டேன், மனதுக்குள்தான். ஒரு மனுஷன் வெளியில் நிற்கிறான், உள்ளே வர வழி பண்ணாமல் ஒரு முள்ளுச்செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே என்று கேட்டேன்.

இவர்தான் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். உள்ளேயே போடுங்கள், ஆனால் மண்ணில் போடாதீர்கள், சோற்றுப் பாறையில் போடுங்கள் என்றார். சோற்றுப் பாறை என்பது காட்டுக்குள் இருக்கிற பெரிய தட்டைப் பாறை. திருவிழாவில் ஊர்ச் சோறு மொத்தமும் வாழையிலை பரப்பி அதில்தான் கொட்டிப் பிசைவோம். பூசாரிக்கு அந்த இடத்தில் உண்ணிச்செடியா என்று முகம் சுருங்கியது. ஆனால் கூடாது என்று சொல்ல இதற்கு ஒரு சட்டமும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தடவை செடி பூப்பதற்கு முன்பே பிடுங்கினோம். ஈர மண்ணில் கன்றுகள் வெங்காயம் வருவதுபோல வேரோடு வந்தன. பாறையில் வேர் மேலே பார்க்கப் பரப்பி வெயிலில் விட்டோம். காய்ந்து சுள்ளியானது. ஆனால் அப்படியே விட்டால் அதுவே தீக்குத் தீனி. அதனால் மழைத் தண்ணீர் அரித்து ஓடிய தடங்களில் அந்தச் சுள்ளியைக் குறுக்கே போட்டு மிதித்து, மேலே கல் வைத்தோம். வண்டல் அதற்குப் பின்னால் தங்கியது. இவர் தன் தரிசு வரப்பிலிருந்து கொழுக்கட்டைப்புல் கதிர்களைச் சாக்கு சாக்காக உருவிக்கொண்டு வந்து கல்லுக்கு வெளியே இறக்கி வைப்பார். உள்ளே கொண்டுபோவதற்குத் தடை இல்லை. நான் எடுத்துப்போய் அந்த வண்டலில் தூவுவேன். எங்கே தூவினாய், எவ்வளவு தூவினாய், மண்ணை மிதித்தாயா என்று திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும். பார்த்துக்கொள்ள இஷ்டமிருந்தால் உள்ளே வரலாமே என்பேன். அவர் காலிச் சாக்கை உதறி மடிப்பார்.

வெள்ளிக்கிழமை விளக்குப் போட வருகிற பெண்கள் எல்லோரும், திரும்பும்போது ஒரு கைப்பிடி உண்ணிக் கன்று பிடுங்கிப் பாறையில் போட்டுவிட்டுப் போவது என்று ஆயிற்று. இதை ஆரம்பித்தது என் நாத்தனார். தை மாதம் கல்யாணமாகி வந்த ஒரு மருமகளிடம், இது நம் முன்னோர் காலத்திலிருந்து வருகிற வழக்கம் தாயி என்று பூசாரி சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். சிவப்புப் பூ வந்ததே மண் அரிப்பைத் தடுக்கத்தான், சாமிக்கு அப்போதே தெரியும் என்றும் சொன்னார். சோற்றுப் பாறைக்கு அவர் முகம் சுருங்கியதைச் சாமிக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு இருக்கிறது.

தையில் காடு உண்மையாகவே திரும்பி வந்துகொண்டிருந்தது. பழைய காடு இல்லை, அதன் பிள்ளை மாதிரி. உசிலை அடியிலிருந்து தழைத்திருந்தது. குருந்தம் இடுப்பளவு வந்திருந்தது. புல் கதிர் விட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லில் நின்றுகொண்டு இவர் எல்லாவற்றையும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"காட்டச் சாக்குச் சொல்லாதீங்க. ஒங்களுக்கு உள்ள வரப் பயமா இருக்கு."

அவர் செருப்பின் நுனியால் மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"ஆமா. உள்ள போனா என்னாண்டு கும்புடுறதுன்னே தெரியல. வார்த்த வரமாட்டேங்குது."

நான் இத்தனை நாளாகக் காட்டைச் சரி பண்ணினால் போதும் என்று நினைத்திருந்தேன். செடியைப் பிடுங்கலாம், புல்லைத் தூவலாம். இவருக்குச் சாமியிடம் சொல்ல ஒரு வார்த்தையை நான் எங்கே போய்த் தேடுவேன்? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ரோட்டில் நின்று புருஷன் கையைப் பிடிக்கிற வழக்கமில்லை. பிடித்தேன்.

பங்குனி வந்தது. இந்த வருஷம் வாணம் வேண்டாம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. பொங்கல் அடுப்புகள் எல்லாம் கல்லுக்கு வெளியே வெட்டவெளியில். பக்கத்தில் தண்ணீர் டேங்கரோடு ஒரு டிராக்டர். இவர் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார், ஆனால் கையில் வேலை இல்லாததால் எங்கே நிற்பது என்று தெரியாமல் என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். விறகு நனைந்திருக்கிறது, பானை சாய்ந்திருக்கிறது என்று எனக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி வந்தது. கல்லைத் தாண்டி உள்ளே போனது. கூட்டமும் பின்னால் போனது. இவர் நின்ற இடத்திலேயே நின்று கும்பிட்டார்.

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். இவர் என் தோளைத் தட்டினார். காட்டுக்குள் கை நீட்டிக் காட்டினார். புல் எல்லாம் காய்ந்து பழுப்பாக நின்ற இடத்தில், குருந்தத்தை ஒட்டி, பச்சையாக ஒன்று நின்றது.

"அங்க ஒண்ணு நிக்கிது பாரு. பூவோட நிக்கிது."

எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. எங்கே என்று கேட்டேன். குருந்தத்துக்கு வலது பக்கம் என்றார். எந்தக் குருந்தம் என்று கேட்டேன். இவருக்கு எரிச்சல் வந்தது. கண்ணாடியை மாற்று என்று எத்தனை தடவை சொல்வது, பூ பழமாகிவிட்டால் மறுபடி காடு பூராவும் அதுதான் என்று திட்டினார். நான் பானையைப் பிடித்துக்கொண்டு, பொங்கப் போகிறது, நகர முடியாது என்றேன். பானை பொங்க இன்னும் நேரம் இருந்தது.

ஒரு கணம் சுற்றிலும் பார்த்தார். கூப்பிட யாரும் இல்லை. விறுவிறுவென்று நடந்தார். கல்லைத் தாண்டினார். திட்டிக்கொண்டேதான் தாண்டினார், என்னைத்தான். காலில் செருப்பு இருந்தது. குருந்தத்தின் பக்கத்தில் குனிந்து, அந்தச் செடியை அடியோடு பிடித்து இழுத்து, வேர் அறுந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பீடத்துக்கு முன்னால் இருந்த பூசாரியும் பார்த்துவிட்டார். அவர் கண் நேராகச் செருப்புக்குத்தான் போனது. வாயைத் திறந்தார். இங்கிருந்தே நான் அவரைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினேன். அவர் வாயை மூடிக்கொண்டு, மணியை எடுத்து ஆட்ட ஆரம்பித்தார்.

இவர் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் உண்ணிச்செடி, கும்பிட மூன்றாவது கை இல்லை. வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பீடத்தைப் பார்த்து நின்றார். பிறகு செடியை மேலே தூக்கி, யாருக்கோ காட்டுவதுபோலக் காட்டினார்.

"இன்னும் இருக்கும். பாத்துக்கிறேன்" என்றார்.

சாமியிடம்தான் சொன்னார். அப்புறம் புல்லை விலக்கி அடுத்ததைத் தேடிக் குனிந்தார். பானை பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.